மடல் எப்போது வரட்டும்?

மின்னஞ்சலில் வரும் செய்திமடல்கள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை இந்த முறை எடுத்துக்கொண்டேன். ஒன்பது வருடமாக வாரம் ஒரு மடல் எழுதி அனுப்புகிறேன். பிறருடைய மடல்கள் முப்பதுக்கும் மேல் எனக்கு வருகின்றன. இரண்டு பக்கத்து அனுபவத்திலிருந்தும்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: புத்தக அறிமுகங்களை மடலாக அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிதான் சரியான நேரம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அலுவலக மேசை முன்னால் உட்காருகிறவர்களை மனதில் வைத்துச் சொன்ன நேரம் அது. இரவு வேலை முடித்து வரும் செவிலியருக்குக் காலை பத்து மணி என்பது ஆழ்ந்த தூக்கம்.

ஆரம்பத்தில் நான் எழுதி முடித்த கையோடு அனுப்பிவிடுவேன். பெரும்பாலும் நள்ளிரவு தாண்டியிருக்கும். இரண்டு வருடம் கழித்து ஒரு வாசகி எழுதினார்: "உங்கள் மடல் எனக்குப் பிடிக்கும். ஆனால் காலையில் பார்க்கும்போது அலுவலக மெயில்களுக்கு நடுவே கிடக்கிறது. அவசரத்தில் அவற்றோடு சேர்த்து இதையும் ஒதுக்கிவிடுகிறேன்." அந்த இரண்டு வருடமும் நான் யாரையும் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த மடலின் கடைசியில் ஒரே ஒரு கேள்வி வைத்தேன்: இதை எப்போது, எங்கே இருந்து படிக்கிறீர்கள்? ஒருவர் குழந்தையைத் தூங்கவைத்த பிறகு, இரவு ஒன்பதரைக்குப் படிக்கிறார். இன்னொருவர் படிப்பது ரயிலில். வழியில் சிக்னல் கிடைக்காது, அதனால் ஏறுவதற்கு முன்பே மடல் போனில் இறங்கியிருக்க வேண்டும். ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒரு மாத மடல்களைச் சேர்த்து வைத்து, அச்செடுத்து, ஒரே மூச்சில் படிப்பாராம். அச்சில் எழுத்து சிறியதாக வருகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் எழுத்தின் அளவைக் கூட்டினேன்.

பதில்களைப் படித்துப் பார்த்ததில் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி பலருக்கும் தோதாக இருந்தது. அன்றிலிருந்து அதே நாள், அதே நேரம். ஒருமுறை உடம்பு சரியில்லாமல் தவறியபோது, "என்ன ஆச்சு, நலம்தானே?" என்று கேட்டு எழுதினார்கள். நேரம் எதுவானாலும் அதை மாற்றாமல் வைத்திருங்கள். அது வரும் என்று தெரிந்தால்தான் வாசகர் அதற்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்குவார்.

'எத்தனை பேர் திறந்தார்கள்' என்ற கணக்கை மட்டும் நம்பி நேரத்தை முடிவு செய்யாதீர்கள். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிப் படம் இருக்கும். அது இறங்கினால் 'திறந்தார்' என்று பதிவாகும். 2021-ல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. அதை இயக்கி வைத்திருப்பவர்களுக்கு, மடலைத் தொடாவிட்டாலும் படங்கள் முன்கூட்டியே இறங்கிவிடும். அதனால் அதிகாலை நாலு மணிக்குத் திறந்ததாகக் காட்டும் வாசகர் அப்போது தூங்கிக்கொண்டிருக்கலாம். நேரே கேட்டுவிடுவதுதான் நல்லது.

கேள்வி: ஆர்வத்தில் நிறைய மடல்களுக்குச் சந்தா கொடுத்துவிட்டேன். படிக்காதவை நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டன. இன்பாக்ஸைத் திறக்கவே மனம் வரவில்லை.

பதில்: முதலில், பழையதையெல்லாம் படித்தே தீர வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஆர்கைவ் செய்துவிடுங்கள், அதாவது அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள். தேவைப்பட்டால் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், மடல்கள் அலுவலக மெயிலோடு கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிமெயிலில் உங்கள் முகவரியின் 'அட்' குறிக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தாலும் கடிதம் உங்களுக்கே வரும். சந்தா கொடுக்கும்போதெல்லாம் அந்த முகவரியைக் கொடுங்கள். அந்த முகவரிக்கு வருவதெல்லாம் இன்பாக்ஸைத் தவிர்த்துத் தனி லேபிளுக்கு, அதாவது பெயரிட்ட ஒரு தனிப் பகுதிக்கு, தானாகவே போகும்படி ஒரு ஃபில்டர் (பிரித்து அனுப்பும் விதி) போட்டால் போதும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது. அங்கே அனுப்புநர் முகவரியை வைத்து ஃபில்டர் போடுங்கள். நான் அந்த லேபிளை ஞாயிறு காலையில் மட்டும்தான் திறக்கிறேன். நோட்டிஃபிகேஷனும் கிடையாது.

தினமும் வரும் மடல் அதிகமாகத் தோன்றினால், உடனே விலகாமல் அடியில் இருக்கும் 'விருப்பங்கள்' சுட்டியை அழுத்திப் பாருங்கள். வாரத் தொகுப்பாக மாற்றிக்கொள்ள அங்கே பல சமயம் வழி இருக்கும்.

கேள்வி: அன்சப்ஸ்கிரைப் அழுத்தினால் இன்னும் அதிகமாக ஸ்பேம் வரும் என்கிறார்களே?

பதில்: நீங்களாகவே சேர்ந்த மடல் என்றால் தயங்காமல் அழுத்துங்கள். 2024-ல் ஜிமெயிலும் யாஹூவும் கொண்டுவந்த விதிகளின்படி, மொத்தமாக மடல் அனுப்புகிறவர்கள் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும், இரண்டு நாளுக்குள் நிறுத்தவும் வேண்டும். யாரென்றே தெரியாதவர் அனுப்பியது என்றால் உள்ளே எதையும் தொடாமல் ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று ஒரு மடல்காரனாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆயிரத்துக்கு மூன்று பேர் ஸ்பேம் என்று குறித்தாலே, விரும்பிக் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் அந்த மடல் போய்ச் சேராமல் போகலாம்.

கேள்வி: முழுக் கட்டுரையையும் மடலிலேயே தருவதா, நாலு வரி கொடுத்துவிட்டுச் சுட்டி தருவதா? படங்களால் அழகாக வடிவமைத்தால் பிடிக்குமா?

பதில்: முழுதும் தாருங்கள். அந்த ரயில் வாசகருக்கு வெறும் சுட்டியால் என்ன பயன்? ஆனால் நீளத்தைக் கவனியுங்கள். ஒரு மடலின் எழுத்தும் வடிவமைப்பு நிரலும் சேர்ந்து 102 கேபி (கிலோபைட்) அளவைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டி மறைத்துவிடும். விலகும் சுட்டி அடியில் இருப்பதால் அதுவும் மறைந்துபோகும். தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் நமக்கு இந்த வரம்பு சீக்கிரமே வந்துவிடும்.

கட்டுரையையே படமாக்கி அனுப்பும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பண்டிகை வாழ்த்து ஒன்றை நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன். திரைவாசிப்பான் மூலம் கேட்டுப் படிக்கும் பார்வையற்ற வாசகர் ஒருவர் மறுநாள் எழுதினார்: "இந்த வாரம் உங்கள் மடலில் 'படம்' என்ற ஒரு சொல் மட்டும்தான் எனக்குக் கேட்டது." அதற்குப் பிறகு எழுத்தெல்லாம் எழுத்தாகவே போகிறது. படம் வைத்தால் அதில் என்ன இருக்கிறது என்று மாற்று உரை கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: அப்பா காலமாகி ஐந்து மாதம் ஆகிறது. அவர் முகவரிக்கு இன்னும் மடல்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. எப்படி நிறுத்துவது?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. கணக்கை இப்போதே மூடிவிடாதீர்கள். வங்கி, காப்பீடு தொடர்பான கடிதங்கள் அந்த முகவரிக்கு வரக்கூடும், சில கடவுச்சொற்களை மீட்கவும் அது தேவைப்படும். கணக்கைத் திறக்க உங்களுக்கு வழி இருந்தால், வரும் மடலிலேயே விலகிக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து முடிக்க வேண்டியதில்லை, வர வர ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். உங்களால் பார்க்க முடியவில்லை என்றால் உறவில் யாரிடமாவது ஒப்படையுங்கள். தனி மனிதர்கள் எழுதும் மடல் என்றால் இரண்டு வரி பதில் போட்டாலே போதும், நிறுத்திவிடுவார்கள்.

எனக்கும் அப்படி ஒரு பதில் வந்தது. சந்தாவில் பிறந்தநாள் கேட்டு வாங்கி, அன்று தானாகவே வாழ்த்துப் போகும்படி வைத்திருந்தேன். இறந்துபோன ஒருவருக்கு அது போய்விட்டது. அவருடைய மகள் கோபப்படவில்லை. "அப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்கள் மடலைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். அவர் முகவரியை எடுத்துவிட்டு என்னுடையதைச் சேர்க்க முடியுமா?" என்று கேட்டிருந்தார். அன்றே சேர்த்தேன். பிறந்தநாள் வாழ்த்தை எல்லோருக்குமாக நிறுத்திவிட்டேன்.