அவாஹி-டீமன்: வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள்

உபுண்டு லேப்டாப்பில் 5353-ஆம் யுடிபி போர்ட்டை (நெட்வொர்க் தகவல் வந்துபோகும் வாசல்) அவாஹி-டீமன் என்ற பின்னணி புரோகிராம் திறந்து வைத்திருக்கிறது, அதே பெயரில் இரண்டு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) ஓடுகின்றன, யாராவது உள்ளே நுழைந்துவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். பெயரைப் பார்த்தால் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் இது உபுண்டுவோடு சேர்ந்தே வருவது.

வீட்டு வைஃபையில் இருக்கும் பிரின்டரையும் மற்றக் கணினிகளையும் ஐபி முகவரி தெரியாமலே கண்டுபிடிப்பதுதான் இதன் வேலை. 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு (ஒரே செய்தியைப் பல கணினிகளுக்கு ஒன்றாக அனுப்பும் முகவரி), "இந்தப் பெயரில் யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்கும், உங்கள் கணினியின் பெயரைக் கேட்டால் பதிலும் சொல்லும். ஆப்பிள் கணினிகளில் உள்ள பான்ஜூர் என்ற வசதி செய்வதும் இதையேதான். இரண்டு புராசஸில் ஒன்று, சீரூட் சிறைக்குள் (பாதுகாப்புக்காக ஒரே ஃபோல்டருக்குள் அடைத்து வைக்கும் ஏற்பாடு) ஓடும் முதன்மை புராசஸுக்கு வெளியிலிருந்து சில ஃபைல்களைப் படித்துத் தரும் உதவியாள். இரண்டும் அவாஹி என்ற தனி யூசரில் ஓடினால் சரி. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசரில் ஓடினால் மட்டும் திரும்ப எழுதுங்கள்.

வீட்டில் வைஃபை பிரின்டர் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். லேப்டாப்பை அடிக்கடி பொது வைஃபையில் இணைப்பவர் என்றால் நான் நிறுத்தத்தான் சொல்வேன். அங்கே உங்கள் கணினியின் பெயர் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. நிறுத்தும்போது சர்வீஸை மட்டும் நிறுத்தினால் போதாது, யாராவது அதைக் கூப்பிடுகிறார்களா என்று காத்திருக்கும் சாக்கெட் யூனிட் அதை மறுபடி எழுப்பிவிடும். சர்வீஸ்களைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல் (systemctl) கட்டளையில் இரண்டையும் நிறுத்தி, சேர்த்தே டிசேபிள் செய்யுங்கள். பேக்கேஜையே நீக்க வேண்டாம். கூடவே வேறு எதெல்லாம் போகும் என்று பார்க்காமல் 'யெஸ்' என்று அடித்தால் அப்புறம் தலைவலி.