தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடுக்க மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டா?

உண்டு, ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை. சாட்ஸ்வொர்த் கல்யாண மண்டபத்தில் தாழ்வாரத்தில் நின்று ஊதுகிறார்கள், புகை பந்தி வரைக்கும் வருகிறது, மாநகராட்சி ஏன் தடை போடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தடை ஏற்கெனவே இருக்கிறது. போட்டது டர்பன் அல்ல, நாடாளுமன்றம்.

1993-ம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அப்புறம் சில தடவை திருத்தினார்கள். அதன்படி பொது இடம் என்பது நாலு சுவருக்குள் மட்டுமல்ல, பாதி அடைத்த இடமும்தான். கூரை போட்ட தாழ்வாரம் அதில் வந்துவிடும். ‘நாங்க வெளியதானே நிக்கிறோம்’ என்று மாமாக்கள் சொல்வது எடுபடாது. ஊதுகிறவருக்கு அபராதம் 500 ராண்ட் வரை. இடத்துக்குப் பொறுப்பானவருக்கோ 50,000 ராண்ட் வரை. அதனால் மாமாவோடு மல்லுக்கட்டாதீர்கள், மண்டபப் பொறுப்பாளரைப் பிடியுங்கள்.

சரி, மாநகராட்சி எங்கே வருகிறது? அரசியலமைப்பின் 156-வது பிரிவு அதற்குத் துணைவிதி (தன் ஊருக்கு மட்டும் செல்லும் விதி) போடும் அதிகாரம் தருகிறது. ஆனால் தேசியச் சட்டத்தோடு மோதும் துணைவிதி செல்லாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. உணவகங்கள் தளப்பரப்பில் 25 சதவீதம் வரை புகைபிடிக்கத் தனியாகத் தடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது தேசிய விதி. நாளைக்கே டர்பன் அதைப் பூஜ்யமாக்கினால், மறுநாள் யாராவது ஓட்டல்காரர் கோர்ட்டில் நிற்பார். அவர் பக்கம் கொஞ்சம் நியாயமும் இருக்கும் என்பது என் கணிப்பு.

தன் சொந்த இடத்தில் மாநகராட்சிக்குக் கை இன்னும் தாராளம். பூங்கா, கடற்கரை, பொது இடங்கள் எல்லாம் அரசியலமைப்பின் 5-வது அட்டவணையிலேயே உள்ளாட்சியின் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் மண்டபம் மாநகராட்சியுடையது என்றால் துணைவிதிகூட வேண்டாம். தாழ்வாரத்தில் சிகரெட் பிடித்தால் டெபாசிட்டில் கழிப்போம் என்று வாடகைப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால், பெண் வீட்டாரே காவல் நிற்பார்கள்! வார்டு கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.

தனியார் மண்டபம் என்றால் மாநகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள். கட்டடங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். சனிக்கிழமை ராத்திரி முகூர்த்த வீட்டுக்கு அவர்கள் வந்து நிற்கப் போவதில்லை. ஆகவே ஊதுகிறவர்களைப் படம் எடுப்பதைவிட, தூணோரம் வைத்திருக்கும் சாம்பல் கிண்ணத்தையும், ‘புகைபிடிக்காதீர்’ பலகை இல்லாத வாசலையும் படம் எடுங்கள். சாம்பல் கிண்ணத்தை விருந்தாளி வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்க மாட்டார். நிர்வாகம் தெரிந்தே விட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

வீட்டில் தமிழ் வகுப்போ டியூஷனோ நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்த வீட்டில் புகைபிடிக்கலாம் என்ற விலக்கு, பாடம் நடக்கும் வீட்டுக்குக் கிடையாது.

ஹப்ளியில் (ஹூக்கா) புகையிலை போட்டிருந்தால் இதே சட்டம்தான். வேப் (மின் சிகரெட்) மட்டும் இப்போதைய சட்டத்துக்குள் வராது. அதையும் சேர்த்து, அந்த 25 சதவீத மூலையையும் எடுத்துவிடும் மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2024 தேர்தலோடு காலாவதியாகி, புது நாடாளுமன்றம் அதே ஆண்டு திரும்ப எடுத்தது. அது சட்டமாகும் வரை வேப் புகைக்காக இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுப் பயனில்லை. மண்டபக்காரரிடமே பேசிப் பாருங்கள்.