அபாயச் சரக்குத் துறையில் மகன் சேரலாமா?

வணக்கம் ஐயா. வேதியியல் படிக்கும் மகன் அபாயச் சரக்குத் துறைக்குப் போகிறேன் என்கிறான், உயிருக்கு ஆபத்து வருமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் வேண்டாம். தம்பி பெரும்பாலும் மேசைமுன் உட்கார்ந்து ஆவணம் பார்ப்பார்.

அபாயச் சரக்கு என்றதும் வெடிமருந்துதான் நினைவுக்கு வரும். பெயிண்ட், சென்ட், லித்தியம் பேட்டரி எல்லாமே இதில் அடக்கம். ஐ.நா. வகைப்பாட்டில் 9 வகுப்புகள் உண்டு. பொருள்களுக்கு நான்கு இலக்க எண் உண்டு. பெட்ரோல் 1203, பெயிண்ட் 1263. லித்தியம் அயன் பேட்டரி தனியாகப் போனால் 3480, கருவிக்குள்ளோ கருவியோடு சேர்த்தோ போனால் 3481. கடைசி இலக்கம்தானே என்று விட முடியாது. 3480ஐப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் தடை இருக்கிறது.

ஒரு ரசாயனத்தின் ஆபத்துகளைச் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாளில், போக்குவரத்து பற்றிய 14ஆம் பிரிவைப் படித்து, எண், வகுப்பு, பேக்கிங் குரூப் (ஆபத்து எவ்வளவு என்று காட்டும் பிரிவு) மூன்றையும் உறுதி செய்து, அதற்கேற்ற பெட்டியும் லேபிளும் சரியா என்று பார்த்து, அறிவிப்புப் படிவம் தயாரிப்பதுதான் வேலை. கையெழுத்து அனுப்புநர் தரப்பில் விழுவதால், வகைப்படுத்தியதில் பிழை இருந்தால் பொறுப்பும் அங்கேதான்.

காகிதத்தில் விடும் பிழை என்ன செய்யும் என்று பாருங்கள். 1996 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வேல்யூஜெட் 592 விமானம் விழுந்து 110 பேர் இறந்தார்கள். அதில் ஏற்றியிருந்த ஆக்சிஜன் ஜெனரேட்டர்களை (அவசரத்தில் பயணிகளுக்கு ஆக்சிஜன் தருபவை, இயங்கினால் தீப்பற்றும் அளவுக்குச் சூடாகும்) காகிதத்தில் ‘காலி’ என்று எழுதியிருந்தார்கள். அவை காலியாக இல்லை. பாதுகாப்பு மூடிகளும் போடவில்லை.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது தம்பியின் சுபாவத்தை. அலுக்காமல் பொடி எழுத்தைப் படிப்பாரா? ‘இன்றே போயாக வேண்டும்’ என்று விற்பனைப் பிரிவு நெருக்கும்போது, ‘இப்படி அனுப்ப முடியாது’ என்று நிற்பாரா? மதிப்பெண்ணைவிட இதையே நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

ஒரு எச்சரிக்கை. வேலை கிடைக்குமுன்னே பெரும் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டாம். விமானச் சரக்குக்கான ஐயாட்டா (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) விதிநூல் ஆண்டுதோறும் மாறும். 24 மாதத்துக்குள் மறுபயிற்சி எடுக்க வேண்டும். கப்பலுக்கு ஐஎம்டிஜி என்று வேறு விதிநூல். விமானச் சான்றிதழ் அங்கே செல்லாது. எனவே வேலை கிடைக்குமுன்பே வாங்கிய சான்றிதழ் காலாவதி ஆகிவிடலாம். முதலில் ஒரு சரக்கு முகவர் நிறுவனத்திலோ ரசாயன நிறுவனத்தின் ஏற்றுமதிப் பிரிவிலோ சேரட்டும். பொறுப்பாக நடத்தும் நிறுவனம் பயிற்சியைத் தன் செலவில் தரும். தருமா என்று நேர்காணலிலேயே கேட்கலாம், தப்பில்லை.

இந்த வாரம் ஒரு பெயிண்டின் தரவுத் தாளை இணையத்தில் எடுத்து, 14ஆம் பிரிவை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். ஆர்வமாக விளக்கினால் தடுக்காதீர்கள். நடுவிலேயே போனை நோண்டத் தொடங்கினால் என்னிடம் அழைத்து வாருங்கள்; ஆய்வகத் தரக்கட்டுப்பாட்டு வேலைகளைப் பற்றிப் பேசலாம்.