போகன்ஃபெல்ஸ் பாறை வளைவு: கேட்டவர்களுக்குப் பதில்

நமீபியாவின் தென்மேற்குக் கடலோரத்தில், லூடரிட்ஸ் ஊருக்குத் தெற்கே, கடலுக்குள் கால் நீட்டியபடி நிற்கும் 55 மீட்டர் உயரப் பாறை வளைவு போகன்ஃபெல்ஸ். அங்கே போய் வந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.

கேள்வி: வாடகைக்கு ஒரு ஃபோர் வீல் டிரைவ் எடுத்து நாங்களே போய்விடலாமா அண்ணா?

பதில்: முடியாது தம்பி. அது வைரப் பகுதி. 1908இல் ரயில் பாதையில் வேலை பார்த்த ஸக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளியின் கையில் ஒரு வைரம் சிக்கியது. அதே ஆண்டு, அப்போது அங்கே நடந்த ஜெர்மன் காலனி ஆட்சி அந்த வட்டாரத்தையே அடைத்துவிட்டது. 2008இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. பாஸ்போர்ட் விவரம் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். முதலில் அனுமதி, அப்புறம் விமான டிக்கெட்.

கேள்வி: பாலைவனக் கடற்கரைக்கு வைரம் எப்படி வந்தது?

பதில்: ஆரஞ்சு ஆறு உள்நாட்டிலிருந்து அடித்துக்கொண்டு வந்து கடலில் கொட்டியது. அலையும் நீரோட்டமும் அதை வடக்கே தள்ளின. மிச்ச வேலையைக் காற்று பார்த்தது.

கேள்வி: ஞாபகத்துக்கு ஒரு கல் எடுத்து வரலாமா?

பதில்: கூழாங்கல்கூட வேண்டாம். பட்டை தீட்டாத வைரத்தை உரிமமில்லாமல் வைத்திருப்பதே அங்கே குற்றம்.

கேள்வி: வழிகாட்டியோடு போகும்போது மணலில் வண்டி புதைந்தால் என்ன செய்வது?

பதில்: ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். நான் முதல் தடவை மிதித்தேன். ஒரு நிமிடத்துக்குள் வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சுழலச் சுழலக் குழி ஆழமாகும், அவ்வளவுதான். இறங்கி, சக்கரங்களுக்கு முன்னால் மட்டுமல்ல, வண்டியின் அடியில் தட்டிக்கொண்டிருக்கும் மணலையும் வாருங்கள். பெரும்பாலும் வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பதுதான் சுலபம். இதெல்லாம் தேவைப்படாமல் இருக்க, மணல் தொடங்கும் இடத்திலேயே டயர் காற்றை இறக்கிவிடுங்கள். டயர் அழுத்தம் 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருந்தால் 18 அளவுக்கு. டயர் தட்டையாகி அகலமாகப் பதியும், சுலபத்தில் புதையாது. காற்று இறங்கிய டயரோடு வேகமாகத் திருப்பினால் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், அதனால் நிதானம். திரும்பக் கெட்டித் தரைக்கு வந்ததும் காற்றடிக்க வண்டியில் ஒரு சின்ன கம்ப்ரஸர் இருக்கட்டும்.

கேள்வி: அங்கே காற்று பலமாக வீசும் என்கிறார்களே, அவ்வளவு மோசமா?

பதில்: தெற்கிலிருந்து வீசும் காற்றில் மணல் முகத்தில் ஊசியாகக் குத்தும். வண்டியின் மூக்கு காற்றைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். பின்னாலிருந்து அடித்தால், திறந்த கதவை அது பிடுங்கிக்கொண்டு போகும்; கீல் வளைந்தால் மறுபடி மூடாது.

கேள்வி: குளிக்கலாமா?

பதில்: பெங்குவேலா என்ற குளிர்ந்த கடல் நீரோட்டம் அது. கால் வைத்துப் பாருங்கள், நீங்களே வெளியே வந்துவிடுவீர்கள்.

கேள்வி: நல்ல படம் எடுக்க ஒரு யோசனை சொல்லுங்கள்.

பதில்: வளைவுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிற்க வையுங்கள். என் முதல் படத்தில் ஆளே இல்லை. வீட்டில் காட்டினால், ஏதோ சின்ன பாறை என்று நினைத்துவிட்டார்கள்.