ஆரோனும் ஊரும்

அன்புள்ள அக்கா,

நான் பாண்டிச்சேரி லாஸ்பேட்டைல இருக்கேன். சேதராப்பட்டுல ஒரு கம்பெனில பேக்கிங் வேலை. வீட்டுக்காரர் கத்தார்ல. மாமியாருக்கு ஸ்ட்ரோக் வந்து ஒன்பது மாசமா படுக்கைலதான் இருக்காங்க. பகல்ல மட்டும் ஒரு பாட்டி வந்து பாத்துக்குறாங்க, மத்தபடி எல்லாம் நான்தான். காலைல 4 மணிக்கு எழுந்து ஜெபம் பண்றேன், வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கேன். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு"ன்னு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்கேன். ஆனா ராத்திரி ரெண்டாவது தடவை அவங்களத் திருப்பிப் போட எழுந்திருக்கும்போது அந்த பெலன் எங்க போகுதுன்னே தெரியல. போன வாரம் கத்திட்டேன், கைய ஓங்கிட்டேன். ஜெபக்குழுவுல சொன்னா "இன்னும் சுயபெலத்துலயே நிக்குறீங்க சிஸ்டர், விசுவாசம் பத்தல"ன்னாங்க. நாத்தனார் வில்லியனூர்லதான் இருக்காங்க, ஆனா அவங்க ரட்சிக்கப்படல, இன்னும் இயேசுவ ஏத்துக்கல, அவங்ககிட்ட போய் உதவின்னு நின்னா விசுவாசின்னு சொல்லிக்கற என் சாட்சி என்ன ஆகும்? தேவனோட பெலத்தை தினசரி வாழ்க்கைல எப்படி சார்ந்து வாழறது? ஆவில நிறைஞ்சு பேசற அந்நிய பாஷை வரம் கிடைச்சா இந்த பெலன் வருமா? சொல்லுங்கக்கா.

— ஒரு சகோதரி

தங்கச்சி,

வயசுல ரொம்பச் சின்னவளா இருப்பன்னு தோணுது, அதனால நீன்னே எழுதுறேன். நேத்து ராத்திரி உன் லெட்டரப் படிச்சிட்டு போனைக் கீழ வெச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். கைய ஓங்கிட்டேன்னு எழுதிருக்க பாரு, அந்த ஒரு வார்த்தை. அதை எழுதறதுக்கு உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்ங்கறத கீழ சொல்றேன்.

சின்ன விஷயங்கள மொதல்ல முடிச்சிடுறேன். அந்நிய பாஷை பத்தி இப்ப பேச வேணாம், உன் பிரச்சனைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 4 மணி ஜெபத்தை 6 மணிக்கு மாத்து. இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குறதில்லன்னு சங்கீதத்துல இருக்கு இல்ல, அவர் உறங்காம இருக்கறதே நீ ரெண்டு மணி நேரம் கூட உறங்கறதுக்குத்தான். வெள்ளிக்கிழமை உபவாசத்தை இந்த வாரமே நிறுத்து, வெறும் வயித்தோட ஒரு ஆளத் தூக்கித் திருப்பினா உன் இடுப்பு போயிடும், அப்புறம் ரெண்டு கட்டில் போடணும் வீட்டுல. ஜெபக்குழுவுல விசுவாசம் பத்தலன்னு சொன்னவங்கள்ல ஒருத்தராவது ஒரு ராத்திரி உன் வீட்டுல வந்து படுத்தாங்களா? படுக்கலன்னா அவங்க சொன்னத காதுல போட்டுக்காத.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எங்க சபைல பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு இந்த மாசப் பாடம் நான்தான் எடுக்கணும், அதுக்காக ரெண்டு வாரமா பைபிள்ல யாத்திராகமம் 17ஆம் அதிகாரம் படிச்சிட்டிருக்கேன், அந்த நேரம் பாத்து உன் லெட்டர் வருது. எகிப்துலருந்து வெளிய வந்த இஸ்ரவேலருக்கு ரெவிதீம்ங்கற இடத்துல அமலேக்கியர்ங்கற ஜனத்தோட யுத்தம். கீழ யோசுவா சண்டை போடறாரு, மலை உச்சில மோசே கோலைப் பிடிச்சுக்கிட்டு கைய உயர்த்தி நிக்கிறாரு. கை மேல இருந்தா இஸ்ரவேல் ஜெயிக்குது, கை கீழ வந்தா அமலேக்கு ஜெயிக்குது. கதை உனக்குத் தெரியும், சண்டே கிளாஸ்லயே சொல்லிருப்பாங்க. ஆனா நடுவுல ஒரு வரி இருக்கு, "மோசேயின் கைகள் அசந்துபோயிற்று"ன்னு. செங்கடலைப் பிளந்தப்ப நீட்டின கை, கன்மலையை அடிச்சு தண்ணி வர வெச்ச கை, அந்தக் கை அசந்து போச்சு. அதுக்காக மோசேக்கு விசுவாசம் பத்தலன்னு ஆண்டவர் எங்கயாவது சொன்னாரா? அந்த அதிகாரத்தை எத்தனை தடவை வேணா படி, ஒரு வார்த்தை கிடையாது. கூட இருந்தவங்களும் "இன்னும் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க மோசே"ன்னு சொல்லல. போய் ஒரு கல்லைத் தூக்கிட்டு வந்து அவருக்குக் கீழ போட்டாங்க, உக்கார வெச்சாங்க, அப்புறம் மோசேயோட அண்ணன் ஆரோனும், ஊரும் ஆளுக்கொரு பக்கமா நின்னு சூரியன் சாயற வரைக்கும் அந்தக் கைய தாங்கிப் பிடிச்சாங்க.

ஆரோனும் ஊரும். எட்டு வயசுல இத மொத தடவை கேட்டப்ப ஊருங்கறது ஒரு ஆளோட பேருன்னு எனக்குத் தெரியாது. ஆரோன் ஒரு பக்கம், மறுபக்கம் ஊரே சேந்து, அதாவது ஊர் ஜனம் மொத்தமும் வரிசையா நின்னு மோசே கையப் பிடிச்சிருக்குன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். எங்க தெருவுல சாவு விழுந்தா ஊரே வந்து நிக்கும், கல்யாணம்னா ஊரே வந்து பந்தல் போடும், அதே மாதிரின்னு நினைச்சேன். டீச்சர் சிரிச்சிட்டு, ஊர்னா ஒரு மனுஷன் பேரும்மான்னு திருத்தினாங்க. சரின்னு திருத்திக்கிட்டேன். ஆனா 2011ல 'தானே'ங்கற புயல் அடிச்சப்ப, எட்டு வயசுல நான் நினைச்சதும் தப்பில்லன்னு புரிஞ்சுது.

டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலைல புயல் கரையைக் கடந்துச்சு, கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவுல. நீ அப்ப ஸ்கூல் படிச்சிட்டிருந்திருப்ப, உனக்கும் ஞாபகம் இருக்கும். பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு, பல வருஷமா தோப்பு வெச்சிருந்தவங்க தரைல உக்காந்து அழுதாங்க. நாங்க கடலூர் புதுப்பாளையத்துல இருந்தோம். எங்கம்மாவுக்கு அதுக்கு முந்தின வருஷமே வலது பக்கம் இழுத்து, பேச்சும் போயி படுக்கைதான். பின்பக்க ஷீட்டு பறந்து போச்சு, வேப்பமரம் சந்துக்குக் குறுக்க விழுந்து கிடக்குது, கரண்ட் இல்ல, மோட்டார் ஓடாது, டேங்க்ல தண்ணி இல்ல, தெருமுனை அடிபம்புல கியூ. தம்பி சென்னைல, போன் டவர் இல்லாததால நான் உயிரோட இருக்கேனான்னு கூட அவனுக்குத் தெரியாது. அம்மாவ ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும், இல்லன்னா படுக்கைப்புண் வந்துடும், ஏற்கனவே முதுகுத்தண்டு முடியற இடத்துல தோலு செவந்து போயிருந்துச்சு. மூணு நாளா ஈரத்துணியோட, சரியாத் தூங்காம, தனியா இழுத்து இழுத்துத் திருப்பிக்கிட்டிருந்தேன்.

ஜனவரி 1, ஞாயித்துக்கிழமை. முந்தின ராத்திரி கோயில்ல மெழுகுவத்தி வெளிச்சத்துல ஆராதனை நடத்திருக்காங்க, நான் போகல. காலைல ஒருத்தர் வந்து எங்க வீட்டுக்கான வாக்குத்தத்த அட்டைய, அதான் புது வருஷத்துக்குன்னு ஒரு வசனம் அச்சடிச்ச அட்டைய, ஜன்னல் வழியா குடுத்துட்டுப் போனாரு. என்ன வசனம் தெரியுமா? உன் ஃப்ரிட்ஜ்ல இருக்கற அதே வசனம். வாசிச்சிட்டு திரும்பறேன், இப்பதான் மாத்தின துணிய அம்மா மறுபடி நனைச்சு வெச்சிருக்காங்க. அந்த அட்டை கைல இருக்கும்போதே அம்மாவோட தோளைப் பிடிச்சு உலுக்கி, "உன்ன கர்த்தர் எடுத்துக்க மாட்டேங்குறாரே"ன்னு கத்திட்டேன். அம்மாவால பேச முடியாது, கண்ணு மட்டும் என்னையே பாத்துச்சு. இத்தனை வருஷம் ஆச்சு தங்கச்சி, அந்தப் பார்வை இன்னும் போகல. உன்னோட ஓங்கின கைக்கும் என்னோட வாய்க்கும் வித்தியாசம் கிடையாது, அதனாலதான் எனக்குத் தெரியும்னு சொன்னேன்.

வாசல்ல ஒரு அக்கா நின்னுட்டிருந்தாங்க. தேவனாம்பட்டினத்துலருந்து கூடைல மீன் கொண்டு வந்து எங்க தெருவுல விக்கிறவங்க. அன்னிக்கு மீன் இல்ல, அவங்க வீட்டு ஓலையும் பறந்து போச்சு, வழக்கமா வாங்கற வீடெல்லாம் என்ன ஆச்சுன்னு பாத்துட்டுப் போக வந்திருக்காங்க. நான் கத்தினதக் கேட்டிருக்காங்க. ஒன்னும் கேக்காம செருப்பை விட்டுட்டு உள்ள வந்தாங்க. எனக்கு மானம் போச்சு. "பரவால்லக்கா, ஆண்டவர் பெலன் குடுப்பாரு, நான் பாத்துக்குறேன்"ன்னேன். "குடுக்கட்டும். நீ மொதல்ல அந்தப் பக்கம் புடி"ன்னாங்க.

படுக்கைல கிடந்த தன்னோட அத்தைய நாலு வருஷம் பாத்துக்கிட்டவங்க அந்த அக்கா. பழைய காட்டன் புடவை ஒன்னு கேட்டு வாங்கி, நாலா மடிச்சு, அம்மாவோட தோள்பட்டைலருந்து இடுப்புக்குக் கீழ வரைக்கும் வர்ற மாதிரி அடில விட்டாங்க. ஓரத்தை ரெண்டு கையாலயும் சுருட்டிப் பிடிக்கச் சொன்னாங்க, எதிர்ப்பக்கம் அவங்க பிடிச்சாங்க. இழுக்கக் கூடாது, இழுத்தா தோலு உரியும், தூக்கணும். ஒன்னு, ரெண்டு, மூணு. அம்மா பஞ்சு மாதிரி மேல வந்தாங்க. அப்படியே ஒருக்களிச்சு, முட்டியை மடக்கி, ரெண்டு முட்டிக்கு நடுவுல ஒரு தலகாணி, முதுகுக்குப் பின்னாடி ஒன்னு. மூணு நாளா நான் மூச்சு வாங்கி வாங்கி செஞ்ச வேலை ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது. அப்புறம் என்னைப் பாத்து, போய்ப் படுன்னாங்க. அஞ்சு மணி நேரம் தூங்கினேன். எழுந்து பாத்தா மறுபடி திருப்பிப் போட்டிருக்காங்க, எதிர்வீட்டுப் பையனை அதட்டி அந்தப் பக்கம் பிடிக்க வெச்சு. அதுக்கப்புறம் காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா வந்தாங்க, எங்க தெருவுக்கு கரண்ட் வர்ற வரைக்கும், பன்னெண்டு நாள். பக்கத்து வீட்டுல கஞ்சி குடுத்தாங்க, அந்தப் பையன் தினமும் நாலு குடம் தண்ணி கொண்டாந்து வெச்சான். இதுல ஒருத்தர் கூட எங்க சபை கிடையாது.

இப்ப உன் சாட்சிக்கு வர்றேன், இதத்தான் உன்கிட்ட கோவமாவே சொல்லணும். நாத்தனார் ரட்சிக்கப்படல, அதனால கேக்க மாட்டேன்னு எழுதிருக்க. அவங்க பெத்த அம்மாவ அவங்க தொடறதுக்கு உன் சாட்சி குறுக்க நிக்குதா? யாத்திராகமம் 17 முடிஞ்சதும் 18ஐயும் படி. மோசேயோட மாமனார் எத்திரோ வர்றாரு, மீதியான் தேசத்து ஆசாரியர், இஸ்ரவேலரே கிடையாது. காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் மோசே தனியா உக்காந்து ஜனங்களுக்கு நியாயம் தீக்கறதப் பாத்துட்டு, நீர் செய்யறது நல்லதில்ல, நீரும் தொய்ஞ்சு போவீர், ஜனமும் தொய்ஞ்சு போகும், ஒருத்தரா உம்மால முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்றாரு. மோசே என்ன செஞ்சாரு? அவர் சொன்னதெல்லாம் கேட்டு அப்படியே செஞ்சாரு. தேவனோட முகமுகமா பேசின மனுஷன், புறத்தியானா இருக்கற மாமனார் வாயிலருந்து வந்த புத்திய வாங்கிக்கிட்டாரு. மோசேக்குப் போகாத சாட்சி உனக்குப் போயிடுமா?

ஃப்ரிட்ஜ்ல ஒட்டிருக்கற வசனம் பிலிப்பியர் 4:13. அதுக்கு அடுத்த வசனத்தை யாரும் அட்டைல அடிக்க மாட்டாங்க. பவுல் காவல்ல இருந்து எழுதறாரு, எல்லாத்தையும் செய்ய எனக்குப் பெலன் உண்டுன்னு சொல்லிட்டு உடனே, ஆனாலும் என் உபத்திரவத்துல நீங்க என்னோட கூட நின்னது நல்லதுன்னு எழுதறாரு. எப்பாப்பிரோதீத்துங்கறவர் கைல பிலிப்பி சபையார் அனுப்பினத வாங்கிக்கிட்டேன்னும் எழுதறாரு. பெலன் உண்டுங்கறதும் வாங்கிக்கிட்டேங்கறதும் ஒரே லெட்டர்ல, ஒரே பக்கத்துல இருக்கு தங்கச்சி.

உன் கோவத்தைப் பத்தி இன்னும் ஒன்னு மட்டும். உபாகமம் 25ல அந்த அமலேக்கு என்ன செஞ்சான்னு எழுதிருக்கு. முன்னாடி போன பலசாலிங்கள அவன் தொடல, இளைச்சு களைச்சு கடைசில வந்தவங்களைத்தான் வெட்டினான். ராத்திரி 2 மணிக்கு உன் கை ஓங்குதுன்னா நீ கெட்டவன்னு அர்த்தம் இல்ல, அந்த நேரத்துல நீ கடைசில தனியா வர்ற, அவ்வளவுதான். மாமியார்கிட்ட மன்னிப்பு கேளு, காதுகிட்ட போய் வாய்விட்டு கேளு, அவங்களுக்குப் புரியும். நான் அம்மாகிட்ட கேட்டது தை பொறந்து நாலு நாள் கழிச்சுத்தான், அது வரைக்கும் தைரியம் வரல. இடது கையால என் தலைய தடவினாங்க.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கான்னா ஒரு நாளைக்குப் பன்னெண்டு தடவை. அதை ஒத்தை ஆளா செய்ய பெலன் தாரும்னு ஒன்பது மாசமா கேட்டிருக்க. இன்னிக்கு ராத்திரி கத்தாருக்குப் பேசும்போது நல்லா இருக்கேன்னு சொல்லாம கைய ஓங்கினது வரைக்கும் சொல்லு, அவர் அழுதா அழட்டும். ஏர் பெட் ஒன்னு வாங்க பணம் அனுப்பச் சொல்லு, ஆனா ஏர் பெட் இருந்தாலும் திருப்பித்தான் போடணும். பக்கத்து பி.எச்.சி.ல, அதான் ஆரம்ப சுகாதார நிலையத்துல, நர்ஸ்கிட்ட முதுகைக் காட்டி எங்கயாவது செவந்திருக்கான்னு பாக்கச் சொல்லு. தமிழ்நாட்டுப் பக்கம்னா 2021லருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கே வர்றாங்க, பாண்டி வேற கவர்மெண்ட், நீதான் போய்க் கேக்கணும். அப்புறம் வில்லியனூருக்கு போன் போடு. ஜெபம் பண்ணிட்டு போடு, ஆனா ஜெபம் பண்ணிட்டேன்னு போடாம விட்றாத.

வர்ற சனிக்கிழமை நான் பாண்டி வர்றேன். கடலூர் பஸ் ஸ்டாண்டுலருந்து ஒரு மணி நேரம்தான். அட்ரஸ் அனுப்பு, மத்தியானம் திருப்பற நேரத்துக்கு வந்துடுறேன். நாத்தனாரையும் அன்னிக்கு வரச் சொல்லு, அவங்களுக்கும் அந்தப் புடவை மடிப்பு காட்டித் தர்றேன். காட்டன் புடவை ஒன்னு, நல்லா துவைச்சு பழசானதா, எடுத்து வை. மாமியாருக்கு என்ன மீன் பிடிக்கும்னும் மறக்காம எழுது.