பசி அடங்காத எலிகள் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

சர்க்கரை நோய் பற்றிய கட்டுரையில், பிறவியிலேயே குண்டாகிச் சர்க்கரையும் வரும் ஆய்வக எலிகள் உண்டு என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு 34 வயது, 96 கிலோ. அம்மாவுக்குச் சர்க்கரை. வீட்டில் எல்லோரும் "வாயைக் கட்டு" என்கிறார்கள். அந்த எலிகள் என்ன தப்புப் பண்ணின? என் உடம்பும் அப்படித்தானா?

செல்வி

அன்புள்ள செல்வி,

அதை ஒரு வரியோடு நான் விட்டிருக்கக் கூடாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. 1949இல் அங்கே சில சுண்டெலிக் குட்டிகள் மட்டும் உருண்டையாகப் பெருத்தன. தாயும் தகப்பனும் ஒல்லி. இரண்டு பக்கத்திலிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் இப்படி ஆகும். அதற்கு 'ஓபி' என்று பெயர். 1960களில் அங்கேயே 'டிபி' என்று இன்னொரு வகை கிடைத்தது, அதற்குக் குண்டோடு கடுமையான சர்க்கரையும் இருந்தது.

அந்த ஆய்வகத்தின் விஞ்ஞானி டக்ளஸ் கோல்மன் ஒரு டிபி எலியையும் சாதாரண எலியையும் விலாவோடு விலா சேர்த்துத் தைத்தார், இரண்டின் ரத்தமும் கலக்கட்டும் என்று. கூண்டில் தீனி கிடக்கிறது, சாதாரண எலி அதைத் தொடாமல் பட்டினியாகவே செத்துப்போனது, ஒட்டியிருந்த டிபியோ தின்றுகொண்டே இருந்தது. எனக்கு இதை எழுதும்போதே மனசு கஷ்டப்படுகிறது. டிபியின் ரத்தத்தில் 'போதும்' என்ற சேதி ஏராளமாக ஓடுகிறது, அதன் மூளைக்குத்தான் கேட்கவில்லை என்று கோல்மன் புரிந்துகொண்டார். ஓபியைச் சாதாரண எலியோடு தைத்தபோது ஓபி குறைவாகத் தின்றது. அதனிடம் அந்தச் சேதியே இல்லை. கொழுப்பில் சுரக்கும் அந்தச் சேதிதான் லெப்டின். அதன் மரபணுவை 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது.

சரி, வாயைக் கட்டினால்? சாதாரண எலி தின்னும் அளவையே ஓபிக்கும் அளந்து போட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அதற்குக் கொழுப்பு கூடுதலாகவே சேர்ந்தது. உங்கள் வீட்டில் இதைத் தாராளமாகச் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் ஓபி எலி இல்லை. லெப்டின் இல்லாமல் பிறக்கும் மனிதர்கள் மிக அபூர்வம், அவர்களுக்குக் கைக்குழந்தையிலேயே பசி அடங்காது. நமக்கெல்லாம் சின்னச் சின்னதாகப் பல மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை இது. உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வேறு. அதே ஓபி மரபணுவை இரண்டு எலி வம்சங்களில் வைத்துப் பார்த்தபோது, ஒன்றில் கணையம் ஈடுகொடுத்து, அதில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் பெருகி, இன்சுலினைக் கொட்டிச் சர்க்கரையைப் பெருமளவு இறக்கிவிட்டது. மற்றதில் அந்தச் செல்கள் ஓய்ந்துபோய், சர்க்கரை ஏறி, எலி சீக்கிரமே செத்தது. குண்டு இரண்டுக்கும் பொது, கணையத்தின் தெம்புதான் வம்சத்துக்கு வம்சம் மாறுகிறது.

அதனால் அம்மாவுக்கு எந்த வயதில், எந்த எடையில் சர்க்கரை வந்தது என்று கேளுங்கள். ஒல்லியாக இருந்தபோதே வந்திருந்தால் நீங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2002இல் வெளியானது: எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு இருந்தவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் கணக்கில் அது ஏழு கிலோகூட இல்லை. ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டிவிட்டு, அப்புறம் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.