ஆறாத காற்புண்ணுக்கு லேசரும் மின்தூண்டலும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் தந்தையாருக்கு வயது 63. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குச் சற்றுக் கீழே வந்த புண் மூன்று மாதமாகியும் ஆறவில்லை. நாள்தோறும் கட்டு மாற்றுகிறோம். லேசர் ஒளி காட்டினாலும் சிறிதளவு மின்சாரம் செலுத்தினாலும் விரைவில் ஆறிவிடும் என்று நண்பர் ஒருவர் கூறுகிறார். நம்பிச் செய்யலாமா?

பதில்: இவ்விரண்டும் ஏமாற்று வேலைகள் அல்ல. ஆனால் தங்கள் தந்தையாருக்கு முதலில் செய்ய வேண்டியவையும் இவை அல்ல.

காயம்பட்ட தோலில் மெல்லிய மின்னோட்டம் உண்டாவதை ஜெர்மானிய உடலியலாளர் எமில் டு புவா ரேமோன் 1840களிலேயே தம் விரலைக் காயப்படுத்திக்கொண்டு அளந்து காட்டினார். நலமான தோலின் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே எப்போதும் சிறிய மின்னழுத்த வேறுபாடு இருக்கிறது. தோல் கிழிந்ததும் அந்த இடத்தில் மின்னோட்டம் கசிய, அதன் திசையை உணர்ந்து தோல் செல்கள் காயத்தின் நடுப்பகுதியை நோக்கி நகர்கின்றன. நாட்பட்ட புண்ணில் இந்தத் தூண்டுதல் குன்றிவிடுகிறது என்பதால், மின்முனைகளை வைத்து வெளியிலிருந்து அதை ஈடுசெய்ய முயல்வதே மின்தூண்டல் சிகிச்சை. ஒளியின் கதை வேறு. 1960களில் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், மயிர் மழிக்கப்பட்ட எலிகளின் மீது வலுக்குறைந்த லேசரைச் செலுத்தியபோது அங்கு முடி விரைவாக வளர்வதைக் கண்டார். பின்னர் ஆறாத புண்களுக்கும் அதைப் பயன்படுத்தினார். ஏறத்தாழ 600 முதல் 1000 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள சிவப்பு, அகச்சிவப்பு ஒளியைச் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா உட்கொண்டு ஆற்றல் உற்பத்தியைக் கூட்டுவதாகக் கருதப்படுகிறது. இதில் அளவு முக்கியம்: குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் புண் ஆறுவதே தடைப்படலாம்.

அப்படியானால் தயக்கம் ஏன்? சான்றுகள் மெலிந்திருப்பதால்தான். சர்க்கரை நோயாளிகளின் காற்புண்ணுக்கான ஒளிச் சிகிச்சை குறித்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் 8 ஆய்வுகளே இடம்பெற்றன. அனைத்திலும் சேர்த்துப் பங்கேற்றவர்கள் 316 பேர். பலன் தென்பட்டாலும், சிறிய ஆய்வுகள் என்பதால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. நீரிழிவுப் பாத நோய்க்கான பன்னாட்டுச் செயற்குழுவின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இத்தகைய சிகிச்சைகளை வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை.

தங்கள் கடிதத்தில் கட்டு மாற்றுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்; அந்தப் பாதத்தின் மீது அவர் இன்னும் நடக்கிறாரா என்பதைப் பற்றி எழுதவில்லை. என் கவலை அங்கேதான் இருக்கிறது. தாங்கள் குறிப்பிடும் இடம், ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை அழுத்துகிற இடம். நெடுநாள் சர்க்கரை நோயால் பாதம் உணர்விழந்திருந்தால், வலி தெரியாமல் அவர் இயல்பாக நடப்பார். பகலெல்லாம் நசுங்கும் புண்ணுக்கு அரைமணி நேர லேசர் என்ன செய்துவிட முடியும்? முழங்காலுக்குக் கீழே போடப்படும், கழற்ற முடியாத சிறப்பு மாவுக்கட்டு போன்றவற்றால் அந்தச் சுமையை இறக்குவதே இத்தகைய உள்ளங்காற்புண்ணுக்கு முதன்மைச் சிகிச்சை. ஆனால் அதைப் போடுமுன் காலுக்கு இரத்த ஓட்டம் போதுமானதா, சீழோ எலும்பில் தொற்றோ இருக்கிறதா என்பதை மருத்துவர் சோதித்தாக வேண்டும். இரத்தக் குழாய் அடைத்திருந்தால் அதைத் திறக்க வேண்டும். புண்ணின் ஓரத்தில் தடித்த காய்ப்பையும் இறந்த திசுவையும் அவ்வப்போது வெட்டி நீக்க வேண்டும்.

இவையனைத்தையும் ஒழுங்காகச் செய்தும் நான்கு வாரங்களில் புண்ணின் பரப்பு பாதியளவுகூடக் குறையவில்லை என்றால், சிகிச்சையை மறுபடி ஆராய வேண்டும். அப்போது, மற்ற சிகிச்சைகளை நிறுத்தாமல், ஒளியையோ மின்தூண்டலையோ துணையாகச் சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் பேசலாம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும், புண் உள்ள இடத்தில் புற்றுநோய் இருப்பவர்களுக்கும், எலும்புத் தொற்றுக்குச் சிகிச்சை பெறாதவர்களுக்கும் மின்தூண்டல் தகாது. லேசர் செலுத்தும்போது கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

கேள்வி: மூட்டுவலிக்காக வாங்கிய அகச்சிவப்பு விளக்கு வீட்டில் இருக்கிறது. சர்க்கரை நோயுள்ள என் தாயாரின் காற்புண்ணுக்கு அதைக் காட்டலாமா?

பதில்: வேண்டாம். மேலே சொன்ன லேசர் சூடு உண்டாக்காத அளவில் செலுத்தப்படுவது. தங்களிடம் இருப்பதோ சூடேற்றும் விளக்கு. உணர்விழந்த காலில் தோல் வெந்தாலும் தாயாருக்குத் தெரியாது. இரத்த ஓட்டம் குறைந்த காலாக இருந்தால், சூட்டினால் திசுவின் ஆக்சிஜன் தேவை கூடி, புண் மேலும் பெரிதாகலாம். சுடுநீர்ப் பை, சுடுநீரில் பாதத்தை ஊறவைத்தல் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். ஏற்கெனவே விளக்கைக் காட்டியிருந்தால், கொப்புளமோ நிறமாற்றமோ இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.